இரண்டு பல் தள்ளி

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது, இருமுகிறது, அடங்கிவிடுகிறது. பிஸ்டன்வரை பிரித்துப் போட்டு, தன் கையாலேயே சேர்த்துப் பூட்டிய இன்ஜின். அவர் மனைவி ஓட்டும் பள்ளி வேன் அது. அந்த ஓட்டத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாளைக்கு லீவு முடிந்து பள்ளி திறக்கிறது. வேன் வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகப் பள்ளி மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

"வெளிய குடுத்துடலாம்ங்க" என்று இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே அவள் சொன்னாள். "நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல?" என்று இவர்தான் குதித்தார்.

பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி தெறிக்கிறது. மறுபடி சாவி. பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்துக் கடையில் வேறொன்று இரவல் வாங்கி வந்து, மறுபடி சாவி. உள்ளே எங்கேயோ 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவரா நிறுத்துவார்? தனக்குச் சாதகமில்லாத எதுவும் அவர் காதில் ஏறாது.

கேஜைச் செருகி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்தார். நாலில் எந்தச் சிலிண்டரிலும் முள் பாதியைக்கூடத் தொடவில்லை. கீழே பிஸ்டனையும் மேலே வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். கீழே பிஸ்டன் பக்கத்து கிராங்க் கியரின் குறி நேராக நின்றது. மேலே வால்வு பக்கத்து கேம் கியரின் குறி இரண்டு பல் தள்ளி நின்றது.

"ஏய், இங்க வா!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பெல்ட் மாட்டும்போது கீழே கிராங்க்கையும் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனரையும் பிடித்திருந்தவர் இவர். மேலே கியரைத் திருப்பிக் குறியைப் பார்த்தவள் அவள்.

"குறி நேரா வந்துச்சுன்னுதானே சொன்னே?"

"நான் எப்ப சொன்னேன்?"

"சரின்னு சொன்னியா இல்லையா?"

"'நேரா வந்ததும் சொல்லு'ன்னீங்க. 'சரி'ன்னேன். சொல்றேன்னு அர்த்தம். அதுக்குள்ள பெல்ட்ட மாட்டிட்டீங்க. 'ஏங்க, இருங்க'ன்னேன். 'பேசாத, டென்ஷனர் நழுவும்'னு கத்துனீங்க."

கல்யாணமான நாளிலிருந்து இவர் எது சொன்னாலும் அவள் 'சரி' என்பாள். அதற்கு 'காதில் விழுந்தது' என்றும் ஒரு பொருள் உண்டு என்பது இவருக்கு இன்றைக்குத்தான் உறைத்தது. பெல்ட் போட்டபின் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது பால பாடம். அவசரத்தில் அதையும் விட்டிருந்தார். அந்தப் பழியை யார் தலையில் கட்டுவது?

டென்ஷனரைத் தளர்த்தினார். "இப்பப் பாரு. நேரா இருக்கா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல. இன்னும் ஒரு பல்லு... ஆங், இப்ப நேரா இருக்கு."

பெல்ட்டை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்து, மறுபடி கம்ப்ரஷன் எடுத்தார். மூன்று சிலிண்டரில் முள் துள்ளி ஏறியது. கடைசிச் சிலிண்டரில் அசையவே இல்லை. அந்த 'டொக்'கில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்திருந்தது. சாவி போட்டதும் இன்ஜின் பிடித்தது. ஆனால் வண்டி முழுக்கக் குலுங்கியது.

"மூணு சிலிண்டர்ல ஓடும்" என்றார் கெஞ்சலாக. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் மெதுவா ஓட்டேன். சாயந்தரம் ஹெட்டக் கழட்டி வால்வ மாத்திடறேன்."

"மேம்பாலத்துல பாதி ஏத்தத்துல நின்னா? பின்னாடி லாரி வந்தா? உள்ள புள்ளைங்க இருக்கும்ங்க."

"ஒரே நாள்தானே..."

"மாட்டேன்."

அவளே மேலாளருக்கு போன் போட்டாள். வண்டி தயாராகவில்லை, நாளைக்கு வராது என்றாள். அந்தப் பக்கம் நிறையப் பேசினார்கள். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் போனை இறக்கியபோது கண் கலங்கியிருந்தது.

"வேற வண்டி வச்சுக்கறாங்களாம். இனிமே நாம வர வேணாமாம்."

மெக்கானிக் கையைப் பிசைந்தார்.

"என்னாலதான் போச்சு" என்றார்.

'அப்படில்லாம் இல்லீங்க, விடுங்க' என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தார்.

"ஆமா" என்றாள் அவள்.