ஜூலை மாதச் சண்டை

படகுத்துறையில் ஊராட்சி வைத்த பெரிய ஃப்ளெக்ஸ் பலகையில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. எங்கள் ஊர் சூரகோச்சாவில் வருஷம் முழுக்கப் பொழுதுபோக்கு உண்டாம். பிப்ரவரியில் மாவு பூசி ஆடும் திருவிழா, ஏப்ரலில் பறவை பார்த்தல், செப்டம்பரில் கோரைப்படகுப் போட்டி. ஜூலைக் கட்டத்தில் போடத்தான் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் ஜூலைதான் நடுக்குளிர்காலம்; பல் கிட்டிப்போகும் குளிரைத் தவிர அப்போது இந்த ஏரிக்கரையில் வேறென்ன கிடைக்கும்? சுற்றுலா அதிகாரி எதில்பெர்த்தோ யோசித்து யோசித்து டிசம்பர் சண்டையை எடுத்து ஜூலையிலும் ஒட்டிவிட்டான். அந்த அறிவுக்கொழுந்து தலைநகர் லிமாவில் படித்துவிட்டு வந்தது.

டிசம்பர் சண்டை வேடிக்கை இல்லை. வருஷம் பூராவும் மனசில் கிடந்த குறையைக் கிறிஸ்துமஸ் அன்று கோயில் திடலில் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்னபின் இரண்டு பேரும் வெறுங்கையால் அடித்துக்கொள்ள வேண்டும். ஆணோடு ஆண், பெண்ணோடு பெண். முடிந்ததும் கட்டிப்பிடிக்க வேண்டும். கட்டிய கை விலகிவிட்டால் அந்தக் குறை செத்தது. பிறகு அதைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் பகலில் குறட்டை விடுவது இதனால்தான்.

டிசம்பரில் தீர்த்துவிட்டவர்களிடம் ஜூலையில் என்ன குறை இருக்கும்? எதில்பெர்த்தோ வீடு வீடாக அலைந்து, கடைசியில் கரையில் பக்கத்துப் பக்கத்துக் கடை போட்டு மீன் பொரிக்கும் உபால்தினாவையும் நசாரியாவையும் பிடித்தான்.

"ஆளுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் தரேன்க்கா. சும்மா நாலு தட்டு தட்டிக்கிட்டுக் கட்டிப்பிடிச்சிருங்க. டூரிஸ்ட் பஸ்சு ரெண்டும் பன்னெண்டு மணிக்கு வந்துரும்."

"எங்களுக்குள்ள என்னடா குறை இருக்கு?" என்று உபால்தினா சிரித்தாள்.

"எதையாவது இட்டுக்கட்டுங்க. வெள்ளைக்காரனுக்கு நம்ம கெச்சுவா பாஷை புரியவா போகுது?"

நசாரியா எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் வரேன். உன் பூனை என் மீனைத் தின்னுச்சுன்னு சொல்லிக்கறேன்" என்றாள். உபால்தினாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

குறை இல்லாமல் என்ன? நான்கு வருஷத்துக்கு முன் உபால்தினாவின் ஒரே மகள் நெலிதா, பதினாறு வயசுக்காரி, நசாரியாவின் படகில் அக்கரைக்குக் கோரை அறுக்கப் போனாள். மத்தியானக் காற்றில் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நசாரியா மட்டும் திரும்பி வந்தாள். நெலிதா மூன்றாம் நாள் பிணமாய்க் கரை ஒதுங்கினாள். அதற்கப்புறம் வந்த நான்கு டிசம்பரிலும் உபால்தினா நசாரியாவைத் திடலுக்குக் கூப்பிடவில்லை. ஊர் அதைப் பெருந்தன்மை என்றது. மண்ணாங்கட்டி! கூப்பிட்டால் அடிக்கலாம், அடித்தால் கட்டிப்பிடிக்க வேண்டும், அதோடு மகள் பேச்சை வாழ்நாளுக்கும் எடுக்க முடியாது. மகள் போனபின் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஆகவே பக்கத்துக் கடைக்கு உப்பு கொடுத்தாள், சிரித்தாள், உள்ளுக்குள் எரிந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் திடல் நிறைந்தது. நடுவராகச் சவுக்குக்காரர் தொரிபியோ நின்றார். டிசம்பரோ ஜூலையோ, அவருக்கு விளையாட்டு தெரியாது.

"குறையைச் சொல்லு."

நசாரியா தொப்பியைக் கழற்றிக் கீழே வைத்தாள். "நாலு டிசம்பர் போயிருச்சு. இவ பொண்ணைத் தண்ணியில விட்டுட்டு வந்தவ நான். ஒரு தடவைகூட என்னைத் திடலுக்குக் கூப்பிடல. பக்கத்துல உக்காந்து சிரிக்கறா. அந்தச் சிரிப்பைப் பாத்துப் பாத்து நான் தெனம் சாகறேன். அடிக்கக்கூட நான் லாயக்கில்லையா? இதான் என் குறை."

 ஒன்றும் புரியாமல், பஸ்ஸில் வந்த வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

"பூனைன்னுதானேடி சொன்னே?" என்றாள் உபால்தினா.

"உன் வீட்ல ஏதுடி பூனை?"

முதல் குத்து உபால்தினாவுடையது. மூக்கில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் முன்வரிசை வரை கேட்டது. நசாரியா சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டு நிற்பது இங்கே அவமானம். முழங்காலில் உதைத்தாள், தாடையில் விட்டாள். உபால்தினா ஒரு பல்லைத் துப்பிவிட்டு மறுபடி பாய்ந்தாள். அடுத்த அடியில் உபால்தினாவின் புருவம் கிழிந்தது. ரத்தம் கண்ணை மறைத்ததும் குத்து எங்கே விழுகிறது என்று பார்க்காமலே குத்தினாள். கழுத்து, காது, மார்பு.

"போதும்க்கா! சிலிண்டர் வீட்டுக்கே வந்துரும்!" என்று எதில்பெர்த்தோ கத்தினான். யாரோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அழத் தொடங்கினாள்.

நசாரியா விழுந்தாள். விழுந்தவளை அடிக்கக்கூடாது என்று சவுக்கு தரையில் சொடுக்கியது. கையூன்றி எழுந்தவள், "இன்னும்" என்றாள். உபால்தினா கொடுத்தாள். நசாரியா மறுபடி விழுந்தாள். மறுபடி, "இன்னும்." கை வீங்கி விரல் மடங்காத நிலையிலும் உபால்தினா நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பயம்தான் அவளை அடிக்க வைத்தது.

தொரிபியோ நடுவில் வந்து நின்றார். "முடிஞ்சுது. கட்டிக்குங்க."

"முடியல!" என்று உபால்தினா கத்தினாள்.

சவுக்கு அவள் கெண்டைக்காலைச் சுண்டி இழுத்தது. தோல் பிளந்தது. "முடிஞ்சுதுன்னேன்."

ஒரு கண் மூடிப்போன நசாரியா இரண்டு கைகளையும் விரித்தாள். உபால்தினா போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். விலா எலும்பு நெறியும்படி இறுக்கினாள். கை விலகும்வரைதான் இந்தப் பேச்சுக்கு உயிர் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கடைசியா என்னடி சொன்னா?" என்று காதோரம் கேட்டாள்.

"அத்தைன்னு கத்தினா. ரெண்டு தடவை. நான் படகை விடல. விட்டிருந்தா நானும் போயிருப்பேன். விடல."

"குளிருதுன்னாளா?"

"சொன்னா."

"என்னைக் கூப்பிட்டாளா?"

நசாரியா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். "இல்ல."

உபால்தினா அவள் தோளைக் கடித்தாள். கம்பளிக்கு மேலே ரத்தம் கசிந்தது. நசாரியா அசையவில்லை.

பஸ்கள் ஹாரன் அடித்தன. "போதும், விடும்மா" என்று தொரிபியோ தோளைத் தொட்டார்.

"விடமாட்டேன்" என்றாள் உபால்தினா. பிடியை இன்னும் இறுக்கினாள். "மொதல்ல இருந்து சொல்லுடி. காலையில படகுல ஏறினப்ப என்ன பேசினா?"