வெறும் சட்டையோடு இறங்குகிறவர்

அந்த வீட்டில் வாரத்துக்கு நான்கு நாளாவது மாலை ஐந்து மணிக்கு டிவி முன்னால் சண்டை நடக்கும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை இல்லை. ஓநாய்களோடும், பாலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கும் கொள்ளைக்காரர்களோடும் நடக்கிற சண்டை. மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போனபோது விட்டுப்போன கேம் அது. முதலில் தூசி தட்டத்தான் எடுத்தார்கள். இப்போது மகள் போன் செய்தால்கூட, "இரும்மா, ஒரு ஓநாய் வருது" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் அவள். தலையிலிருந்து கால்வரை இரும்பு, முகத்தை மூடும் தலைக்கவசம், முதுகில் கேடயம். நடந்தால் ஒரு பாத்திரக்கடையே நகர்ந்து போவது மாதிரி சத்தம் கேட்கும். வலப்பக்கம் அவள் கணவர். ஒரு நீலச் சட்டை, முட்டியில் ஒட்டுப்போட்ட கால்சட்டை, ரொட்டிக்கடைக்காரனிடம் வாங்கிய வைக்கோல் தொப்பி. அவ்வளவுதான். வழியில் எத்தனை நல்ல கவசம் கிடைத்தாலும் அவளிடம் கொடுத்துவிடுவார், இல்லையென்றால் சந்தையில் விற்றுவிடுவார்.

ஒரே ஒரு கடி போதும், அவர் உயிரில் பாதி போய்விடும். அவள் வாளை வைத்துவிட்டு மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். இவள் சேர்த்து வைத்த மருந்தெல்லாம் அந்த மனிதருக்கே சரியாய்ப் போயிற்று.

மூன்றாவதாக ஹெட்செட்டில் ஒருவன் வருவான். கணவரோடு வேலை பார்க்கும் டிரைவர். எது சொன்னாலும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொல்வதால் அவனுக்கு ஹாரன் என்று பேர். இருவரும் பணம் கொண்டுபோகும் வண்டியில் இருக்கிறார்கள். ஹாரன் ஓட்டுவான். அவர் பையோடு இறங்கி வங்கிக்கும் கடைகளுக்கும் போய் வருவார். இறங்கும்போது குண்டு துளைக்காத வெஸ்ட் போட்டிருக்கவேண்டும் என்பது விதி. இருபது வருஷமாக அதுதான் வேலை.

அன்றைக்குப் பாலத்தடியில் அவர் மேல் அம்பு பாய்ந்து, வைக்கோல் தொப்பி ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக விழுந்தார்.

"ஒரு தோல் கவசமாவது போட்டுத் தொலைங்களேன்!" என்றாள் அவள். "இது மூணாவது தடவை."

"போட்டா சந்தையில அந்த மீன்காரம்மா என்கிட்ட பேசமாட்டாங்க. உன்னைப் பார்த்தா 'வாங்க வீரரே'ன்னு சொல்லிட்டு கதவைச் சாத்திக்கறாங்க. என்னைப் பார்த்தா 'ஏணியைப் பிடிப்பா'ங்கறாங்க. எனக்கு ஏணி பிடிக்கத்தான் பிடிச்சிருக்கு."

"ஏணி பிடிக்கவா நாம இங்க வந்தோம்?"

ஹெட்செட்டில் ஹாரன் சிரித்தான். "அண்ணி, நீங்க வீணா தொண்டையைக் கிழிச்சுக்காதீங்க. அண்ணன் வண்டியிலேர்ந்தே வெறும் சட்டையோடதான் இறங்குறாரு. கேம்லயா கவசம் போடப்போறாரு?"

திரையில் இரும்பு மனுஷி அசையாமல் நின்றாள். கொள்ளைக்காரன் ஒருவன் வந்து சாவகாசமாக அவளை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஹலோ? அண்ணி? லைன் கட்டாயிடுச்சா?"

அவர் எட்டி ஹெட்செட்டை அணைத்தார். "அவன் சும்மா உளர்றான். அவனைப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், அந்தப் பொய்யைக் கேட்கவேண்டி வரும் என்று தோன்றியது. அடுப்படிக்குப் போனாள். ஏற்கெனவே கழுவின டம்ளரை மறுபடி கழுவினாள்.

மறுநாள் பட்டறையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார் சீட்டுகளுக்கு உறை தைப்பது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டே ஒரு முழு செட் தைத்து முடிக்கிறவள், அன்றைக்குத் தலை சாய்க்கும் பகுதியை உள்வெளி மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தாள். பிரித்ததை மறுபடியும் அப்படியே தைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பக்கத்து மிஷின்காரி, "என்னக்கா, நாற்காலியில முள்ளா இருக்கு?" என்று கேட்டாள். பதினோரு மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பெரிய மளிகைக்கடைக்கு அந்த வண்டி பதினொன்றரைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. இவள் ஏறாததைப் பார்த்து மூன்றாவது டிரைவர் முறைத்தார்.

வண்டி வந்தது. பக்கக் கதவு திறந்தது. கணவர் இறங்கினார், வெறும் சட்டையோடு. காற்றில் சட்டையின் முதுகு உப்பி அமுங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. கையில் பையோடு, ஏதோ காய்கறி வாங்க வந்தவர் மாதிரி நடந்தார். வாசலில் தள்ளுவண்டியோடு திணறிய ஒரு பெண்ணுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் ஏதோ சொல்ல, சிரித்தார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்குமா? அந்த ஒரு நிமிஷத்தில் இவள் தெருவில் இருந்த ஒவ்வொரு ஆளின் கையையும் பார்த்துவிட்டாள். மோட்டார் சைக்கிளோடு நின்றவன், போன் பேசியவன், மரத்தடியில் சும்மா இருந்தவன். எல்லாரும் கொள்ளைக்காரர்களாகத் தெரிந்தார்கள். கத்திக் கூப்பிடலாம் என்றால் அதுவே ஆபத்தாகிவிடும். வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவர் நாலரைக்கு வீட்டுக்கு வந்தார். அவள் அவருக்கு எப்போதும் 'நீங்க'தான் சொல்வாள். கோபம் தலைக்கேறினால் மட்டும் 'நீ' வந்துவிடும்.

"நீ இன்னைக்கு மளிகைக்கடைல எப்படி இறங்கின?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "வந்தியா?"

"வந்தேன். பார்த்தேன். எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அந்த வெஸ்ட் போட்டா வெந்து போகுது. அதோட, அதைப் போட்டுக்கிட்டு நடந்தா ஜனங்க ஒதுங்கறாங்க. குழந்தைங்க அம்மா பின்னாடி ஒளியுதுங்க. சட்டையோட போனா நானும் ஒரு மனுஷன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. அதுவே ஒரு பாதுகாப்புதானே?"

"இது கேம் இல்ல. விழுந்தா மறுபடி பாலத்துக்கிட்டேர்ந்து ஆரம்பிக்க முடியாது."

"தெரியும்."

"பதினெட்டு வருஷம் அந்த வேக்காட்டோடதானே போனே? இப்ப என்ன புதுசா? இன்னும் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லு."

அவர் தோள்பையின் ஜிப்பை இழுத்து, அந்த வெஸ்ட்டை வெளியே எடுத்தார். வேலையிடத்தை விட்டு அதை வெளியே கொண்டுவரக் கூடாது. முந்தின நாள் ஹாரன் உளறினதிலிருந்து அவருக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை போலிருக்கிறது, எப்படியோ எடுத்து வந்திருந்தார். தலைவழியாக மாட்டினார். மூச்சை உள்ளே இழுத்து, பக்கவாட்டு வெல்க்ரோ பட்டைகளை இழுத்தார். பட்டை தொடவேண்டிய இடத்தைத் தொடவே இல்லை. நாலு விரல் இடைவெளி. மூச்சை விட்டதும் அது ஆறு விரலாயிற்று.

"சிகரெட்டை விட்டேன்ல," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அதுலேர்ந்துதான்."

சிகரெட்டை விடச் சொல்லி இரண்டு வருஷம் முன்னால் அழுது அடம்பிடித்தவள் அவள்தான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றாள்.

"பெரிய சைஸ் கேட்கறதுதானே?"

"கேட்டா ஃபாரம் குடுப்பாங்க. ஃபாரம் குடுத்தா உடல்தகுதிப் பரீட்சை வைப்பாங்க. மைதானத்தை ஆறு நிமிஷத்துல மூணு சுத்து. போன வருஷம் ஒருத்தர் ஓட முடியாம, ஆபீஸ் வாசல் கேட்டைத் திறந்து மூடற வேலைக்குப் போயிட்டாரு. இருபத்தஞ்சு வருஷம் வண்டியில போனவரு. இப்ப நேத்து வந்தவன்லாம் அவரை 'கேட்டு மாமா'ன்னு கூப்பிடறான்." நிறுத்தினார். "நீ இந்தப் பட்டையை மட்டும் கொஞ்சம் நீட்டித் தைச்சுக் குடுத்தா..."

அதற்காகத்தான் கொண்டுவந்திருக்கிறார். அவள் வெஸ்ட்டை வாங்கி மேஜைமேல் விரித்தாள். பட்டை சாதாரண நைலான்தான், கார் சீட் பெல்ட் மாதிரி. பத்து நிமிஷ வேலை. ஆனால் டேப்பை எடுத்து அவர் இடுப்பின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தாள். பட்டையை நீட்டினால் முன்தகடும் பின்தகடும் தள்ளிப்போகும். இந்தப் பக்கம் ஒரு கை அகலம், அந்தப் பக்கம் ஒரு கை அகலம், வெறும் சட்டை. சீட்டுக்குச் சேராத உறையை இழுத்துப் பிடித்துத் தைத்து அனுப்பினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வாங்கினவன் ஏமாறுவான், அவ்வளவுதான்.

"தைக்க முடியும்," என்றாள். "ஆனா தைக்க மாட்டேன்."

"ஏன்?"

"தைச்சுக் குடுத்தா நீ போட்டிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு நான் நிம்மதியா இருப்பேன். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். ஃபாரத்தைக் குடு."

அவர் கொடுக்கவில்லை. அடுத்த மூன்று நாளும் வீட்டில் உப்பு வேண்டுமா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவுக்குத்தான் பேச்சு. காலையில் அவர் கிளம்பும்போது அவள் வாசல்வரை வருவாள், ஏதோ சொல்ல வாயெடுப்பாள், திரும்பிப் போவாள். பட்டறையில் பதினொன்றரை ஆனால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நடப்பாள். பன்னிரண்டு அடித்ததும்தான் உட்காருவாள்.

நாலாம் நாள் மாலை அவளே டிவியைப் போட்டாள். அவர் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். அவள் தன் ஆளின் தலைக்கவசத்தைக் கழற்றினாள். மார்க்கவசம், கேடயம், இரும்புக் காலணி, ஒன்றுவிடாமல் கழற்றிப் பெட்டியில் போட்டாள். சந்தையில் ஒரு பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் வாங்கி உடுத்தினாள். அப்படியே ஓநாய்க் கணவாய்க்குப் போய், அவர் கண்முன்னால் கடிபட்டு விழவேண்டும் என்பது அவள் திட்டம். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. அப்போதாவது உறைக்கட்டும்.

கணவாய்க்குச் சந்தையைத் தாண்டித்தான் போகவேண்டும். மீன்காரம்மா கூப்பிட்டாள். இத்தனை மாதத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசாத மீன்காரம்மா, "உன் பாவாடை நல்லா இருக்கே, எங்க எடுத்தே?" என்றாள். ஒரு கிழவர் ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கச் சொன்னார். ஊருக்கு வெளியே புல்வெளியில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவள் சத்தம் கேட்டாலே சிதறி ஓடுகிற மான்கள். இப்போது ஒன்று வந்து கையை முகர்ந்தது.

"பாத்தியா?" என்றார் அவர் மெதுவாக. "இதைத்தான் சொன்னேன்."

கணவாய் மறந்தே போயிற்று. ஆற்றங்கரையில் நடந்தார்கள். யாருக்கோ ஏணி பிடித்தார்கள். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. அணைத்துவிட்டு எழுந்தபோது அவளுக்கு மூன்று நாளில் இல்லாத பதற்றம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் ஒதுங்குகிறார்கள் என்றது, சைஸ் சேராததை மறைக்கச் சொன்ன சாக்குதானே என்று நினைத்திருந்தாள். அவர் சொன்ன அந்த முதல் காரணமும் பொய்யில்லை. அப்படியானால் பெரிய வெஸ்ட் வந்தாலும் இந்த மனிதர் அதைக் கழற்றி வைத்துவிடுவாரே!

"இங்க பாருங்க," என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது. "மானுக்குப் பக்கத்துல போறதுக்கு நானும் சட்டையோடயே வர்றேன். தினமும் வர்றேன். நீங்க செத்தா மருந்து ஊத்தறேன், நான் செத்தா நீங்க ஊத்துங்க. ஆனா தெருவுல என்கிட்ட மருந்து கிடையாது. கேட்டுல நிக்கச் சொன்னா நில்லுங்க. கேட்டு மாமாவோட பெண்டாட்டின்னு சொல்லிக்க எனக்கு ஒரு வெட்கமும் இல்ல."

மறுநாள் அவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் பரீட்சை. இரண்டு சுற்று நன்றாகவே ஓடினாராம். மூன்றாவதில் விலா பிடித்துக்கொண்டது. ஆறு நிமிஷம் இருபத்திரண்டு நொடி. இரண்டு மாதத்துக்குக் கேட்டில் போட்டார்கள். அதற்குப் பிறகு மறுபடி ஓடலாம்.

கேட்டில் முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரத்தில் ஹாரன் ஹெட்செட்டில் புலம்ப ஆரம்பித்தான். "அண்ணி, இவர் தொல்லை தாங்க முடியல. என்கூட வர்ற புதுப் பையனை இறக்கி, வெஸ்ட் பட்டையை இழுத்துப் பார்த்துட்டுத்தான் கேட்டைத் திறக்கறாரு. தினமும் ரெண்டு வண்டி பின்னாடி நின்னு ஹாரன் அடிக்குது."

"அடிக்கட்டும்," என்றார் கணவர். நீலச் சட்டைக்காரர் அப்போது யாரோ ஒருத்தியின் வாத்துகளைக் குளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

பெரிய சைஸ் வெஸ்ட் வந்துவிட்டது. ஆபீஸ் ஸ்டோரில் அவர் பெயர் எழுதின அட்டையோடு அலமாரியில் இருக்கிறதாம். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள். தினமும் காலை ஐந்தரைக்கு அவரை எழுப்பிவிடுவது அவள்தான். பூங்காவின் வாசலில் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் மூச்சுவாங்கிக்கொண்டு தன்னைத் தாண்டும்போது, "கையை வீசுங்க, கையை வீசுங்க!" என்று கத்துவாள்.

நேற்று ஐந்து நிமிஷம் ஐம்பது நொடியில் முடித்தார். முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றவர், நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் பாஸாகணும்னு உனக்கு ஆசைதானே?"

அவள் போனைப் பார்த்தாள். நேரம் சரியாகத்தான் இருந்தது. அவர் கேட்டில் நிற்கிற இந்த ஒன்றரை மாதமாகத்தான் பதினொன்றரை மணிக்கு மிஷினை நிறுத்தாமல் தைக்கிறாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"இன்னொரு சுத்து ஓடுங்க," என்றாள். "பேச்சு அப்புறம்."