ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்த பில்

திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தாள் செல்வலட்சுமி. அதற்குள் கைப்பையில் செல்போன் அலறியது. பட்டாசு ஆலை முதலாளி சாமித்துரை.

"ஏம்மா, நம்ம சைட்டு எங்க போச்சு? நேத்து பூரா நல்லா ஓடிச்சு. இப்ப தொறந்தா வெள்ளையா நிக்குது. கல்கத்தா பார்ட்டி கூப்பிட்டு, கம்பெனி இருக்கா இல்லையான்னு கேக்குதான்."

"இருங்கண்ணாச்சி, பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். அவர் சொன்னது சரிதான். அவருடையது மட்டுமல்ல, அவள் பார்த்துக்கொள்ளும் மற்ற சைட்டுகளும் திறக்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு பருத்தி மில் எல்லாமே வெள்ளை.

கோவில்பட்டி மெயின் ரோட்டில் அவளும் கணவன் திருப்பதியும் அந்த சென்டரை ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதலில் டைப்பிங், பிறகு கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு வெப்சைட். அடுத்தவர் சர்வரில் வாடகை இடம் பிடித்துப் போட்ட சைட்டுகள் ஆமையாய் ஊர்கின்றன என்று போன வருஷம், 2004-ல், பேங்கில் கடன் வாங்கிச் சொந்தமாகவே ஒரு சர்வர் வாங்கினாள். சர்வரைக் கோவில்பட்டியில் வைத்து ஓட்ட முடியாது. கரண்ட் போகும், லைன் போகும். சென்னையில் அதற்கென்றே பெரிய டேட்டா சென்டர்கள் உண்டு. குளிர்ந்த அறை, நிற்காத மின்சாரம், அகலமான இணைப்பு. நம் மெஷினைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, இடத்துக்கும் இணைப்புக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும்.

அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் முத்துசெல்வம். அவளுடைய தாய்மாமா ஆறுமுகசாமியின் மகன், அவளைவிட மூன்று வயது இளையவன், அவளை மயினி முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். டேட்டா சென்டரில் மெஷின்கள் அடுக்கும் இரும்பு ரேக் ஒன்றை மொத்தமாக வாடகைக்குப் பிடித்து, அதில் மற்றவர்களுடைய மெஷின்களை வைத்து நடத்திக்கொண்டிருந்தான். "மாசம் ஏழாயிரம் மயினி. கவலையே படாதீங்க, நான் இருக்கேன்லா" என்றான். அவன் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. மாமா மகனிடம் எதைப் படித்துப் பார்ப்பது?

அவனுக்கு போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"மயினி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்க பேண்ட்வித் எகிறிப் போச்சு. அதான் லைனை நிறுத்தி வச்சிருக்கேன்."

"எகிறிப் போச்சுன்னா?"

"பில் அனுப்பியிருக்கேன். பாருங்க."

ஐம்பத்தாறாயிரம்.

செல்வலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதே எண்தான்.

எகிறியதற்குக் காரணம் தெரிந்ததுதான். சாமித்துரையின் ஆலைப் பட்டாசுகளை ஒவ்வொன்றாக வெடித்துக் காட்டும் வீடியோத் துண்டுகளை அவள் சைட்டில் போட்டிருந்தாள். இடைசெவலுக்கு வெளியே, கம்பு அறுத்துப் போட்டிருந்த காட்டில், கல்யாண வீடியோக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. வேறு யாரும் அப்படிச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்திரிகையின் இணைப்பிதழில் அதைப் பற்றி நாலு வரி வந்தது. அவ்வளவுதான், எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் திறந்து பார்த்தார்கள். அன்று முழுக்க அவளும் திருப்பதியும் பார்வையாளர் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் முத்துசெல்வத்தைக் கூப்பிட்டாள்.

"மாசம் ஏழாயிரம்னுதானல சொன்ன?"

"அது ஒரு எம்பி வேகத்துக்கு மயினி. நேத்து உங்க மெஷின் எட்டு எம்பி வேகத்துல ஓடியிருக்கு. ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு பாருங்க, தொண்ணூத்தஞ்சு சதவீதக் கணக்குன்னு. அதாவது, அதிகபட்ச வேகத்துல தொண்ணூத்தஞ்சு சதவீதத்துக்கு பில். எட்டுல அது ஏழரைக்கு மேல வரும். ரவுண்டா எட்டு. எட்டேழு அம்பத்தாறு."

"ஒரு நாள் ஓடினதுக்கு மாசம் பூராவும் எட்டா?"

"அது டெக்னிக்கல் மயினி. இந்த லைன்ல அப்படித்தான். பணத்தைக் கட்டுங்க, பத்தே நிமிஷத்துல போட்டு விடுதேன்."

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. தொண்ணூற்றைந்து என்ற எண்ணும் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கேயும் இல்லை. அவன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலேயே திரும்பியது. பிள்ளைகளுக்கு வகுப்பில், படிக்காமல் எதிலும் ஓகே அழுத்தாதே என்று தினமும் சொல்கிறவள் அவள்.

திருப்பதி தலையைச் சொறிந்தான். "சொந்தத்துக்குள்ள எதுக்கு? பாதியைக் கொடுத்து முடிப்போமா?"

"எதுக்குப் பாதி? தப்புன்னா ஒரு பைசா கிடையாது. சரின்னா முழுசும் கொடுப்போம். அதென்ன பாதி?"

அவன் டீ வாங்கிவரப் போய்விட்டான்.

அவள் நேராக டேட்டா சென்டரின் நம்பரைத் தேடிப் பிடித்து அழைத்தாள். எங்கெங்கோ மாற்றிவிட்டு, கடைசியில் பில்லிங் பிரிவில் ஒரு பெண் கிடைத்தாள். நிதானமாகப் பேசினாள்.

"மேடம், தொண்ணூத்தஞ்சுன்னா அது வேகத்துல சதவீதம் இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க லைன் எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு மெஷின் குறிச்சிக்கும். மாசக் கடைசியில அதையெல்லாம் பெரிசுல இருந்து சின்னது வரைக்கும் வரிசையா அடுக்குவோம். நூத்துக்கு அஞ்சு வீதம், மேல நிக்கிறதைத் தூக்கிப் போட்டுருவோம். அதுக்குக் கீழ வர்ற முதல் எண்ணுக்குத்தான் பில்."

"அப்ப, மாசத்துல ஒரே ஒரு நாள் எகிறிச்சுன்னா?"

"நூத்துக்கு அஞ்சுன்னா மாசத்துக்கு ஒன்றரை நாள் மேடம். அதுக்குள்ள அடங்கிட்டா அது கணக்குலயே வராது. இந்த மாதிரி திடீர் கூட்டத்துக்காகத்தான் இந்த முறையே வச்சிருக்கு."

"உச்ச வேகத்துக்கு நீங்க பில் போடுறதே கிடையாதா?"

"நாங்க யாருக்குமே போடுறதில்ல மேடம்."

போனை வைத்துவிட்டு, மெஷின் வைத்த புதிதில் முத்துசெல்வம் கொடுத்திருந்த பாஸ்வேர்டைத் தேடி எடுத்து, தன் லைனின் வேக வரைபடத்தைத் திறந்தாள். ஒரு வருஷமாக அதை அவள் திறந்ததே இல்லை. மாசம் பிறந்ததிலிருந்து பச்சைக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. ஒரு எம்பியைக்கூடத் தொடவில்லை. கடைசியில் அந்த ஞாயிறு மட்டும், கரிசல்காட்டில் ஒத்தைப் பனை மாதிரி நெடுநெடுவென்று நின்றது. காலையில் ஏறி, மறுநாள் அவன் லைனைப் பிடுங்கிய நேரத்தோடு அறுந்திருந்தது. எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை நாளுக்குள்தான். அவனுக்கு அந்த ஞாயிறால் காலணா செலவில்லை. அவளிடம் மட்டும் ஐம்பத்தாறாயிரம் கேட்கிறான்.

தெரியாமல் செய்தானோ என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். ஐந்து வருஷமாக இதே தொழிலைச் செய்கிறவன். தெரியாமல் எப்படிச் செய்வான்?

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கையிலிருந்த பிரதிகளை வைத்து எல்லா சைட்டுகளையும் வேறொரு வாடகை இடத்தில் ஏற்றினாள். எழுத்தும் போட்டோவும் ஏறின. வீடியோ ஏறவில்லை. கோவில்பட்டி லைனில் ஒரு வீடியோவை மேலே அனுப்புவதற்குள் மூன்று தடவை அறுந்தது. சாமித்துரை நேரிலேயே வந்தார்.

"வெடிக்கிற பட்டாசைக் காட்டுனோம், ஆர்டர் வந்துச்சு. இப்ப வெறும் டப்பா படத்தைக் காட்டுதோம். தீபாவளி முடிஞ்ச பொறவு வீடியோ போட்டு நான் என்னம்மா செய்யட்டும்?"

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரமே மதுரையில் வேறு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். நாலு வருஷ வாடிக்கை.

அந்த வாரச் சனிக்கிழமை முத்துசெல்வம் தன் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க ஊருக்கு வந்திருந்தான். மாமாவின் தீப்பெட்டி ஆபீஸில் இருக்கிறான் என்று தெரிந்ததும் செல்வலட்சுமி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனாள். மாமா நாற்காலியில் இருந்தார். அவன் எதிரே உட்கார்ந்து பத்திரிகைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

"வாங்க மயினி. உங்களுக்குத்தான் முதல் பத்திரிகை."

"அதைக் கீழ வை. தொண்ணூத்தஞ்சு சதவீதக் கணக்குன்னா என்னன்னு மாமாகிட்ட சொல்லு."

அவன் முகம் ஒரு நொடி அசைந்தது. "அதான் சொன்னேன்லா..."

"நீ சொன்னது பொய். நான் டேட்டா சென்டர்ல கேட்டுட்டேன். ஒன்றரை நாளுக்குள்ள எகிறினா பில்லே கிடையாது. உனக்கு இல்லாத பில் எனக்கு எங்கருந்துலே வந்துச்சு?"

மாமா கையை உயர்த்தினார். "ஏட்டி, மெதுவாப் பேசு. வெளிய ஆளுக வேலை பாக்குது."

"கேக்கட்டும் மாமா. உங்க மகன் என்கிட்ட திருடப் பார்த்திருக்கான். லைனைப் பிடுங்கி, சாமித்துரை அண்ணாச்சி ஏவாரத்தையும் கெடுத்திருக்கான்."

"மயினி, வார்த்தையை அளந்து பேசுங்க" என்று எழுந்தான் முத்துசெல்வம். "ரேக் வாடகை யாரு கட்டுதா? ராத்திரி பகல்னு மெஷினை யாரு பாக்குதா? அதுக்கெல்லாம் நான் ஏதாவது வைக்க வேண்டாமா? உங்ககிட்ட ஏழாயிரம் வாங்குனதே சொந்தம்னுதான்."

"வைக்கணும்னா என்கிட்ட சொல்லி வை. ஒம்பதாயிரம் வேணும்னு கேளு, முடிஞ்சா கொடுப்பேன். இல்லாட்டி வேற இடம் பாப்பேன். கணக்கைத் திரிச்சு வாங்குறதுக்குப் பேரு என்ன?"

"சரி, அப்ப கட்டாதீங்க. மெஷின் என் ரேக்குலதான் இருக்கு. பணம் வராம அது வெளிய வராது."

செல்வலட்சுமி மாமாவைப் பார்த்தாள். அவள் பத்தாவது பாஸானபோது முதல் கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தவர். அவர் மேஜைமேல் இருந்த பத்திரிகைக் கட்டை நேராக அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"காதுகுத்து முடியட்டும்மா. பொறவு உக்காந்து பேசிக்கிடலாம்."

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் அவ்வளவுதான் சொல்லுவார்.

"பேசறதுக்கு ஒண்ணுமில்ல மாமா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

அந்த மாதத்துக்கு உரிய ஏழாயிரத்துக்கு பேங்கில் டிராஃப்ட் எடுத்து அவன் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். காதுகுத்து அன்று அவள் அம்மா வேலுத்தாய் தனியாகப் போனாள். செல்வலட்சுமி முந்தின நாள் ராத்திரியே சென்னைக்கு ரயில் ஏறியிருந்தாள்.

டேட்டா சென்டரின் வரவேற்பறையில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மெஷின்தான் மேடம். வாங்கின பில்லும் மெஷின் நம்பரும் சரியா இருக்கு. ஆனா ரேக் அவர் பேர்ல. அவர் எழுதிக் கொடுக்காம நாங்க ஒரு ஸ்க்ரூவைக்கூட கழட்ட முடியாது."

"அவன் எழுதித் தர மாட்டான்."

"எங்களால ஒண்ணும் செய்ய முடியாது மேடம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், பேங்க் கடனில் வாங்கிய அவளுடைய மெஷின் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாமாவுக்கு போன் போட்டாள்.

"மாமா, நான் சென்னையில, டேட்டா சென்டர்ல இருக்கேன். மெஷின் வாங்கின பில் என் பேர்ல. அதைத் தர மாட்டேன்னு பிடிச்சு வச்சிருக்கது உங்க மகன். வரும்போது தெருமுனையில போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்தேன். மத்தியானம் வரைக்கும் இங்கன உக்காந்திருப்பேன். பொறவு அங்க போவேன்."

அந்தப் பக்கம் காதுகுத்துப் பந்தி நடக்கும் இரைச்சல் கேட்டது.

"சொந்தத் தம்பி மாதிரி இருந்தவன்மேல கேஸ் கொடுப்பியாட்டி?"

"கொடுப்பேன் மாமா."

"சரி. எழுதி அனுப்பச் சொல்லுதேன்" என்றார். பிறகு குரலை மாற்றாமலே, "இனிமே என் வாசலை மிதிக்காத" என்றார்.

மெஷினைக் கொடுக்கச் சொல்லி முத்துசெல்வத்தின் ஃபேக்ஸ் வந்துவிட்டது. மெஷினை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல கனம். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனபோது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அன்றே இன்னொரு டேட்டா சென்டரில், நடுவில் ஆள் இல்லாமல், தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டாள். தொண்ணூற்றைந்துக்கு என்ன அர்த்தம் என்று அதிலேயே எழுதச் சொன்னாள். லைனை நிறுத்துமுன் இரண்டு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் எழுத வைத்தாள். விற்பனைப் பையன் பெருமூச்சு விட்டான். அவள் கண்டுகொள்ளவில்லை.

தீபாவளி வந்தது, போனது. மாமா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. வேலுத்தாய் மகள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் தம்பி உறவு அறுந்ததற்கு மகளைத்தான் குற்றம் சொன்னாள். தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மார்கழியில் ஒருநாள் விளாத்திகுளத்திலிருந்து சோலைமுத்து என்ற மிளகாய் வத்தல் வியாபாரி சென்டருக்கு வந்தார். பஸ் ஏறி வந்த அலுப்போடு, மடித்த தாள் ஒன்றை நீட்டினார்.

"நீங்கதான் இந்தப் பேண்ட்வித் கணக்கு தெரிஞ்சவியளாமே? முத்துசெல்வம்னு ஒருத்தர்கிட்ட மெஷின் வச்சிருக்கேன். வத்தல் விலை எகிறின அன்னைக்கு ஏகப்பட்ட பேரு சைட்டைப் பாத்துட்டாங்களாம். நாப்பத்திரெண்டாயிரம் கேக்காரு."

செல்வலட்சுமி தாளை வாங்கிப் பார்த்தாள். அதே அச்சு, அதே வரி. ஆறேழு நாற்பத்திரண்டு. அப்படியானால் இன்னும் எத்தனை பேர்?

"ஒரு நாள்தான் எகிறிச்சா அண்ணாச்சி?"

"ஒரே நாள்தான்மா."

"உக்காருங்க. வேற யாரு யாரு அவன்கிட்ட மெஷின் வச்சிருக்கான்னு தெரியுமா?"

"சாத்தூர்ல ஒருத்தரு இருக்காரு. தூத்துக்குடியில உப்புக் கம்பெனி ஒண்ணு. அவியளுக்கும் இப்படித்தான் வந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

"அவியளையும் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்றிருந்த வேலுத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். தூக்கை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள்.

"என் தம்பி மகனுக்கு எதிரா ஊரைத் திரட்டுதியாட்டி?"

"ஆமாம்மா" என்றாள் செல்வலட்சுமி. பிறகு போனை எடுத்து, அந்த பில்லிங் பிரிவின் நம்பரை அழுத்தி, சோலைமுத்துவின் கையில் கொடுத்தாள். "நீங்களே கேளுங்க அண்ணாச்சி. நான் சொல்லி நம்ப வேண்டாம்."

அவர் சந்தேகத்தோடு போனைக் காதில் வைத்துக்கொண்டார். செல்வலட்சுமி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.