இத்தாவில் கீறிய படம்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த ஹோட்டல் மண்டபத்துக்குள், ஓவிய ஏலத்துக்கு வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தாள் ஜுமானா. சென்ட் வாசமும் பொரித்த இறாலும் கலந்த நெடி ஒரு பக்கம். சுவரில் ஓவியமாக மாட்டியிருந்த உம்மாவின் முகம் மறுபக்கம்.

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் இருந்தபோது நடந்த அநியாயம் அது. புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் மாதக்கணக்கில் வீட்டோடு இருக்கும் காலம். பக்கத்து மாடியில் வாடகைக்கு வந்திருந்த கொழும்பு ஓவியர், கிணற்றடியில் வெள்ளை முக்காடு நழுவியது தெரியாமல் அழுதுகொண்டிருந்த ஆமினா உம்மாவை ஜன்னலால் எட்டிப் பார்த்துப் படமாகக் கீறிவிட்டார். 'வெள்ளைத் துயரம்' என்று பெயர் வேறு. துயரத்துக்கு நிறம் கண்டுபிடித்த மகாராசன்! படத்தைத் தரச்சொல்லிக் கேட்டதற்கு, "கலை எல்லாருக்கும் சொந்தம்" என்று சிரித்தார். உம்மாவுக்கு விஷயம் தெரியுமுன் அதை ஏலத்தில் வாங்கி எரித்துவிட வேண்டும் என்று காப்பை விற்று வந்திருந்தாள் ஜுமானா.

அவளுக்குத் தெரிந்தது பள்ளிவாசல் ஏலம்தான். கிண்ணியாவில் ஜும்ஆத் தொழுகை முடிய, யாரோ நேர்ந்துவிட்ட சேவலோ பலாப்பழமோ ஏலம் போவதை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவள். ஒருவர் எழும்பி, வீட்டில் நோயாளி ஆசைப்பட்டுக் கேட்டது என்று சொன்னால் போதும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அதற்கு மேலும் விலை கேட்பவனை ஊர் மனிதனாக மதிக்காது.

உம்மாவின் படம் ஏலத்துக்கு வந்து, விலை கையை மீறத் தொடங்கியதும் அவளும் எழும்பினாள்.

"அது என்ட உம்மா. இத்தாவில இருக்கக்குள்ள எங்கட வளவை எட்டிப் பார்த்துக் கீறின படம். பிற ஆம்பிளையள் பார்க்கக் கூடாத முகம். தயவுசெய்து எனக்கு விட்டுத் தாங்க."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஏலம் நடத்தியவர் நெஞ்சில் கைவைத்தார்.

"கேட்டீங்களா? படத்தில இருக்கிறவங்கட மகளே வந்திருக்கிறாங்க! இதைவிட உண்மையான ஓவியம் எங்க கிடைக்கும்?"

அவ்வளவுதான், கைகள் போட்டி போட்டுக்கொண்டு உயர்ந்தன. விலை எங்கேயோ போனது. ஓவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். த்தூ! வெட்கப்பட ஒருவர்கூட இல்லை.

வென்ற மனிதர் கைநிறைய மோதிரங்களோடு அவளிடம் வந்தார்.

"உங்கட உம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க. படத்துக்குப் பக்கத்தில நிக்க வச்சு ஒரு போட்டோ எடுப்பம்."

ஜுமானா சாப்பாட்டு மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தாள். தட்டுகள் விழுந்து நொறுங்கின. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, விரிப்பால் மூடி, பின்பக்கம் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே தட்டியது.

"அவிழ்க்காதீங்க!" மோதிரக்காரர் பரவசத்தில் கத்தினார். "ஒருத்தரும் தொடக் கூடாது. இப்பிடியே கொண்டுபோய் வீட்டில மாட்டப்போறன். இதுதான் கலை!"

உம்மாவின் முகம் தப்பிவிட்டது. அதற்காகச் சந்தோஷப்படக்கூட ஜுமானாவுக்கு அருவருப்பாக இருந்தது.