தபால்காரரின் டயர்

என் தங்கை வீட்டுக்காரன் எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். பஞ்சர் ஆகாத சைக்கிள் டயரின் காப்புரிமை அவன் பெயரில் இருக்கிறதாம். நான் அதைச் செய்வதை உடனே நிறுத்த வேண்டுமாம். அடப்பாவி! மூன்று வருஷம் ரப்பர் புகையில் வெந்து, டயருக்குள் தேனடை மாதிரி அறைகள் வைத்து, ஒவ்வொன்றிலும் பசை நிரப்பி, ஆணியைப் பிடுங்கினால் ஓட்டை தானே மூடிக்கொள்ளும்படி செய்தவன் நான். என் பட்டறையில் கூடமாட நின்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் தனிக்கடை போட்டவன் அவன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வரைபடம் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

என்னத்தைச் சொல்ல? நான் தரையில் சாக்பீஸால் வரைகிறவன். சாயங்காலம் பட்டறையைப் பெருக்கும்போது அதுவும் குப்பையோடு போய்விடும். பெருக்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை போனில் படம் எடுத்திருக்கிறான். எனக்குத்தான் அந்தப் புத்தி வரவில்லை.

"ஒரு டயர் இருக்கும்மா. அவன் விண்ணப்பம் போடறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே தபால்காரருக்கு வித்தேன். ரசீதைக்கூட அவர் பத்திரமா வச்சிருக்கார்."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அதைக் காட்டினா உங்க மாப்பிள்ளையோட உரிமை ரத்தாயிடும். ஆனா உங்களுக்கும் கிடைக்காது. முன்னாடியே வெளிய வித்த பொருளுக்கு யாரும் உரிமை கேக்க முடியாது, யார் வேணும்னாலும் செய்யலாம். நல்லா யோசிங்க."

அன்று மாலையே தங்கையும் அவனும் வந்தார்கள்.

"உங்க பேரையும் சேர்த்துக்கலாம் மச்சான். நமக்குள்ள என்ன?"

"என் வீட்டுல எனக்கே ஓரமா பாய் போட்டுத் தர்றியா?"

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்கலாம்ணா. பிடிவாதம் பிடிக்காதே."

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் அவளுக்குப் பின்னால் நின்று அவன் லேசாகச் சிரித்தான். அதைப் பார்த்த நொடியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

விசாரணையில் தபால்காரர் டயரை மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைக் குறுக்கே அறுக்கச் சொன்னார். அதே அறைகள், அதே பசை. ரசீதில் தேதியும் என் கையெழுத்தும். காப்புரிமை ரத்து. மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

"இப்ப உனக்கும் இல்லையேண்ணா!" என்று வாசலில் அழுதாள் தங்கை.

"அவனுக்கு இல்லையில்ல?" என்றேன். அதோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

நாலே மாதத்தில் ஒரு பெரிய கம்பெனி அந்த டயரைக் கடைகளில் இறக்கியது. அதன் விற்பனைக்காரர் என் பட்டறைக்கே வந்து, அறுத்த துண்டைக் காட்டி, "உள்ள அறை அறையா இருக்கு பாருங்க. ஆணி ஏறினாலும் தானே மூடிக்கும்" என்று எனக்கே பாடம் நடத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன்.

"இதைக் கண்டுபிடிச்சது யாரு?"

"யாரோ ஒருத்தராம். பேரெல்லாம் தெரியாதுங்க."

"பக்கத்துத் தெரு டயர்கடைக்காரர்னு யாராவது சொல்றாங்களா?"

"சேச்சே, அவரா? அவரே எங்ககிட்ட வாங்கித்தானே விக்கிறார்."

நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவருக்கு டீ சொன்னேன்.