பொத்தான் பேணி

பதிவேட்டின் முதல் பக்கத்தில் நீலக் கோடொன்று வளைந்து நெளிந்து கிடந்தது. பேனா எழுதுகிறதா என்று பார்க்க, தொழிற்சாலையின் ஊழியர் நல அலுவலர் முஸ்பிறா எட்டு மாதத்துக்கு முன்னர் கிறுக்கியது. அதைத் தவிர அந்தப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் கிடையாது. பெயர், ஊழியர் இலக்கம், வந்த நேரம், போன நேரம் என்று கட்டம் போட்டு, கொழும்பில் கொடுத்து அட்டை கட்டி எடுத்த பதிவேடு. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் ஒல்லாந்திலிருந்து வந்திருக்கும் அனெக்கா அதைத் திறந்து பார்க்கப் போகிறார். ஆறு நாடுகளில் தொழிற்சாலை வைத்திருக்கும் கம்பெனியின் ஊழியர் நலத் திட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. யாரும் பாவிக்காத திட்டத்தை அந்த இடத்திலேயே மூடிவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மூடினால் ஆலோசகர் மேர்சியாவுக்கு வேலையில்லை. மனநல ஆலோசனை அறை துணிக்கட்டு அடுக்கும் அறையாகிவிடும்.

அந்த அறைக்காக முஸ்பிறா இரண்டு வருடம் நாயாய் அலைந்திருந்தாள். மாவடிப்பள்ளி வயல்களைப் பார்த்தபடி நிற்கும் இந்தத் தையல் தொழிற்சாலையில் எழுநூறு பெண்கள். ஒலுவிலிலிருந்தும் சொறிக்கல்முனையிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள். மெஷினில் ஊசி முறிந்தால் பத்து நிமிடத்தில் ஆள் வரும், பெண்ணொருத்தி உள்ளுக்குள் முறிந்துபோனால் கேட்க ஆளில்லை என்று அவள் எழுதிய கடிதம்தான் ஒல்லாந்தில் இருந்தவர்களை அசைத்தது. திரைச்சீலையின் நிறம்கூட அவள் பார்த்துத் தெரிவு செய்தது.

அப்படிப்பட்ட அறைக்கு ஆள் வராமற் போனதற்கும் காரணம் அவளேதான். நல்ல காரியம் ஊருக்குத் தெரிய வேண்டாமா என்று, பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருந்த முத்தலிப் மாமாவிடம் போய்ச் சொன்னாள். மாமாவுக்குப் பெருமை தாளவில்லை. ஜும்ஆ முடிந்த கையோடு ஒலிபெருக்கியில், "எங்கட மருமகள் வேல செய்யிற இடத்துல மனசு சரியில்லாத பொம்புளைகளுக்கு அறை ஒண்டு தொறந்திரிக்கி, வெக்கப்படாமப் போகலாம்" என்று ஊருக்கே அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேர்சியாவின் ஏற்பாட்டில் தேவாலயத்திலும் அதே அறிவிப்பு. திங்கட்கிழமை அந்த அறைக்கு 'விசர் பாக்கிற அறை' என்று பெயர் விழுந்தது. பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்ற பயத்தில், கதவுக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் குழாயில் தண்ணீர் குடிக்கக்கூட ஒருத்தியும் போகவில்லை. அங்கே நின்றாள் என்று மாமியார் காதுக்குப் போனால் கதை முடிந்தது. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் குமர்ப்பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

இரண்டு மாதம் முஸ்பிறா வெட்கத்தில் கூனிக் குறுகி நடந்தாள். ஒருநாள், உற்பத்தி முகாமையாளர் அப்ராஸ் "எத்தினை பேர் வந்த?" என்று வழமைபோலக் கேட்டுக்கொண்டு வருவதைக் கண்டு, தப்புவதற்காக நூல் வெட்டும் மேசையில் போய்க் குந்திவிட்டாள். தைத்து முடிந்த சட்டைகளில் தொங்கும் மிச்ச நூலை வெட்டுகிற மேசை அது. தையல் வரிசைகளில் உடம்புக்கு முடியாதவர்களை, கர்ப்பிணிகளை அங்கேதான் இருத்துவார்கள். சும்மா இருக்கக் கூடாதென்று அவளும் கத்தரிக்கோலை எடுத்தாள். பக்கத்திலிருந்த ஒலுவில் அப்னா, தலையை நிமிர்த்தாமல், கையிலிருந்த சட்டையிடம் சொல்வதைப்போலச் சொன்னாள்.

"மிஸ், நான் நித்திர கொண்டு பன்ரெண்டு நாளாப் போச்சு."

கட்டாருக்குப் போன கணவனிடமிருந்து அழைப்பில்லை, யாரிடமும் சொல்லவில்லை, உம்மாவிடம்கூட. அரை மணித்தியாலம் இருவரும் நூல் வெட்டினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. மீன் வெட்டும்போதும் கலியாண வீட்டில் வெங்காயம் உரிக்கும்போதும் தன் ஊர்ப் பெண்கள் எதையெல்லாம் கதைத்துக் கேட்டிருக்கிறாள் என்று முஸ்பிறாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கையைச் சும்மா வைத்துக்கொண்டு, எதிரே கதிரை போட்டு, முகத்தைப் பார்த்துத் துக்கம் சொல்லச் சொன்னால் யார் சொல்லுவார்கள்?

அடுத்த நாளே மேர்சியாவுக்கும் ஒரு கத்தரிக்கோல் கொடுத்தாள்.

"நான் நாலு வருசம் படிச்சது நூல் வெட்டவா?" என்றாள் மேர்சியா.

"ஓம். படிச்ச எல்லாத்தயும் காதுல வெச்சிக்கங்க. கையில இது போதும்."

ஒவ்வொரு வரிசையிலிருந்தும் முறை வைத்து அந்த மேசைக்கு ஆள் வந்தது. எல்லாருக்கும் முறை உண்டு என்பதால் போகிறவளை யாரும் கவனிக்கவில்லை. பெயர் எழுதுவதில்லை என்று முஸ்பிறா வாக்குக் கொடுத்தாள். கதைத்து மனம் கொஞ்சம் ஆறியிருந்தால், போகும்போது ஒரு கழிவுப் பொத்தானை மேசையடியில் இருந்த வெறும் பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டால் போதும். அப்ராஸ் இதைக் கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். அதற்குப் பிறகு, தரம் பார்க்கிறேன் என்று அடிக்கடி அந்த மேசைக்கு வந்து மேர்சியாவின் பக்கத்தில் நின்று அவரும் நூல் வெட்டத் தொடங்கினார். முஸ்பிறாவுக்கு அது எரிச்சலாக இருந்தது.

இன்று காலையும் அவர்தான் சொன்னார். "புத்தகத்துல நாப்பது பேர்ட பேரப் போட்டு உடுங்களன், முஸ்பிறா. வெள்ளைக்காரிக்கு ஆமினா ஆரு, நேசம்மா ஆரு எண்டு தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும் சேர்" என்றாள் முஸ்பிறா.

அனெக்கா உயரமான, அதிகம் சிரிக்காத பெண். பதிவேட்டைத் திறந்தார், நீலக் கிறுக்கலைப் பார்த்தார், மூடினார். முஸ்பிறா அவரை நூல் வெட்டும் மேசைக்குக் கூட்டிவந்து, பேணியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். வெள்ளை, கறுப்பு, சிப்பி நிறம் என்று பொத்தான்கள் சளசளவென்று கொட்டிப் பரவின. மேர்சியா எண்ணி வைத்திருந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு.

அனெக்கா ஒரு பொத்தானை எடுத்து விரலில் உருட்டினார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். "யாராவது ஒருவர் கைநிறைய அள்ளிப் போட்டிருக்க முடியாதா? இது மனிதர்கள் என்று நான் எப்படி எழுதுவது?"

ஒரு பெயர் சொன்னால் போதும், திட்டம் பிழைக்கும். அப்னா மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள். "எழுத முடியாது. பெயர் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நின்றாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

"என்னவாம் மிஸ்?" என்று கேட்டது றபீக்கா ராத்தா. பதினெட்டு வருடமாகச் சட்டைக் கைப்பட்டி தைக்கிறவர், கதைத்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதைப்போல வாயை மூடிக்கொண்டே இருப்பவர். முஸ்பிறா சொன்னாள். ராத்தா சட்டையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழும்பினார்.

"இதுல என்ட ஏழு இரிக்கி."

முஸ்பிறா நம்ப முடியாமல், "செவன்" என்றாள்.

"என்ட மூண்டு." சொறிக்கல்முனை நேசரட்ணம்.

"என்ட பதினொண்டு மிஸ்" என்று அப்னா எழும்பி நின்றாள். இந்தமுறை அவள் நேரே முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

பக்கத்து வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாலு, ஒன்று, ஒன்பது. விசர் பாக்கிற அறை என்று பெயர் வைத்தவளே எழும்பி "அஞ்சு" என்றாள். சிலர் எழும்பாமல் குனிந்தே இருந்தார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை. முஸ்பிறா ஒவ்வொரு எண்ணையும் உரத்து மொழிபெயர்த்தாள். வாழ்க்கையில் தன் ஊரை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை என்று தோன்றியது. அனெக்கா பேனாவை எடுத்தவர், எதையும் எழுதாமல் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கும் அளவில் ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

திரும்பினாள். அப்ராஸ் மேசையின் கோடியில் நின்றுகொண்டிருந்தார். அனெக்கா முஸ்பிறாவைப் பார்த்தார், அடுத்த எண்ணுக்காக. முஸ்பிறா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. அப்ராஸ் தலையை நிமிர்த்தவேயில்லை. கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, நூலே இல்லாத ஒரு கைப்பட்டியைத் திருப்பித் திருப்பி நூல் தேடிக்கொண்டிருந்தார்.