குண்டனும் வக்கீலின் தலைமுடியும்

முதுகில் ஜவ்வு விலகிய தையல்காரியிடம் டாக்டர் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். தையல் வேலையிலோ நாளைக்கு நூறு தடவை ஏதாவது கீழே விழும். எடுத்துக் கொடுக்க வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்: லிஃப்ட் மெக்கானிக்கான புருஷன், குண்டன் என்கிற நாய். புருஷனைப் பழக்கிப் பார்த்துச் சலித்துப் போயிருந்ததால் குண்டனைப் பிடித்தாள்.

அளவு நாடாவை மூக்கால் தொட்டால் ஒரு துண்டு பிஸ்கட். அது பழகியதும், கவ்வினால்தான் பிஸ்கட். பிறகு, கவ்விக்கொண்டு இரண்டடி நடந்தால்தான். சாக்கட்டியை மட்டும் முதல் நாளே தின்றுவிட்டது. மூன்றாவது வாரம், விழுந்த நாடாவை எச்சிலோடு அவள் உள்ளங்கையில் வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த எச்சில் நாடாவாலதான் ஊரான் இடுப்பை அளக்கப்போறியா?" என்றான் புருஷன்.

"அப்ப நீங்க எடுத்துக் குடுங்க."

அவன் பேப்பரை விரித்துக்கொண்டான்.

நாலாவது வாரம் மேசையிலிருந்து சாமான்கள் அடிக்கடி விழ ஆரம்பித்தன. ஒருநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். குண்டனே நாடாவைக் காலால் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி எடுத்து வந்தது. பிஸ்கட் கொடுப்பது தப்பென்று தெரியும். ஆனாலும் அந்தச் சாமர்த்தியத்தை வெறும் வாயோடு அனுப்ப மனசு வரவில்லை.

அதன் பலன் சனிக்கிழமை வந்தது. கோட்டைப் போட்டுப் பார்க்க வக்கீல் வந்திருந்தார். அந்த வயதுக்கு அவருக்கு நல்ல அடர்த்தியான முடி. ஷூ லேஸைக் கட்ட அவர் குனிந்ததும், குண்டன் அந்த முடியை மொத்தமாக உருவிக்கொண்டு போய்த் தையல்காரி கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தது.

வாசலில் புருஷன் இருமுகிற சாக்கில் சிரித்தான்.

"மன்னிச்சிருங்க சார். கீழ விழுந்ததை எடுக்கத்தான் பழக்கினேன்."

"இது விழலையேம்மா," என்றார் வக்கீல், வழுக்கையைத் தடவியபடி. "அது ஏன் இன்னும் உக்காந்திருக்கு?"

"பிஸ்கட்டுக்கு சார்."

"குடுத்துடாதீங்க. குடுத்தா நாளைக்குக் கோர்ட்டுக்கே வந்துரும்."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து பழக்கத் தொடங்கினாள். "எடு" என்று அவள் சொல்லி எடுத்தால் மட்டும் பிஸ்கட். தானே தட்டிவிட்டு எடுத்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குண்டன் முறுக்கிக்கொண்ட சம்பந்தி மாதிரி இரண்டு நாள் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு வழிக்கு வந்தது.

அதைப் பார்த்துப் புருஷனுக்கும் ஆசை வந்துவிட்டது. சோபாவில் படுத்தபடி ஸ்பேனரைக் கீழே போட்டு, "எடு" என்றான். குண்டன் வந்து முதலில் அவன் கையை மோந்து பார்த்தது. அதில் கிரீஸ் வாசனைதான் இருந்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.

முனகிக்கொண்டே அவனே குனிந்து எடுத்தான்.